பழைய பாக்ஸ்டர் வாங்கலாமா? எந்த ஆண்டு, எந்த எஞ்சின், எவ்வளவு செலவு

பிரிட்டனில் இன்று 5,000 பவுண்டுக்கு ஒரு போர்ஷே பாக்ஸ்டர், அதாவது கூரையைத் திறந்து மூடக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், கிடைக்கிறது. பத்து ஆண்டு ஓடிய சாதாரணக் குடும்பக் காரின் விலையும் ஏறக்குறைய அதுதான். அப்படியொரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் சித்தி மகன் அழைத்தான். "அண்ணா, கையில் ஒன்பதாயிரம் வைத்திருக்கிறேன். ஐந்தாயிரத்துக்குப் பழைய பாக்ஸ்டர் வாங்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளட்டுமா? ஒன்பதையும் போட்டுச் சற்றுப் புதியதாக வாங்கட்டுமா? அல்லது இந்த ஆசையை விட்டுவிட்டு மஸ்டா எம்எக்ஸ்-5 பக்கம் போகட்டுமா?"

நல்ல கேள்வி. தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததால் எழுதுகிறேன்.

வாங்கும் விலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட வேண்டும் என்பதுதான் அவனிடம் நான் முதலில் சொன்னது. இருபது ஆண்டு ஆன ஸ்போர்ட்ஸ் கார் எதுவானாலும் செலவு வைக்கும். அந்தச் செலவு சொல்லிவிட்டு வருகிறதா, சொல்லாமல் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் கீச்சிட்டு, சொட்டுச் சொட்டாக ஒழுகி, நமக்கு அவகாசம் கொடுக்கும் பழுது பணத்தோடு போய்விடும். நேற்று வரை பூப்போல ஓடிய எஞ்சின் இன்று நெடுஞ்சாலையில் தன்னைத்தானே உடைத்துக்கொண்டால் காரே போய்விடும். கீழே வரும் ஒவ்வொரு காரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

செலவுகள் எல்லாம் போர்ஷே தெரிந்த தனி மெக்கானிக்குகளிடம் சுமாராக ஆகும் தொகைகள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் கூலி இதைவிட நிறையக் கூடும்; இந்த வயதுக் காரை அங்கே கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் தலைமுறை: 986

1996-ல் உற்பத்தி தொடங்கிய முதல் பாக்ஸ்டருக்கு நிறுவனம் வைத்த உள் எண் 986. இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் எஞ்சின். பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர்கள். முதலில் 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். 2000 மாடலிலிருந்து 2.7 லிட்டரில் 220. கூடவே 'எஸ்' என்ற 3.2 லிட்டர் வகையில் 252. எடை நடுவில் இருப்பதால் வளைவுகளில் அது திரும்பும் விதத்தை ஒருமுறை அனுபவித்தவர்கள் வேறு காரைப் பற்றிப் பேசமாட்டார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

இந்தக் காரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் 'ஐ.எம்.எஸ். பேரிங்', அதாவது இடைத் தண்டின் பேரிங், என்ற பெயர் காதில் விழும். அதைப் புரிந்துகொண்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்குக் கீழே இன்னொரு தண்டு ஓடுகிறது. கிராங்கின் சுழற்சியை வாங்கி, சங்கிலிகள் வழியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளுக்குக் கடத்துவது அதன் வேலை. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்து மூடி போட்ட பேரிங் அது. நாளாக ஆக மூடியின் ஓரத்தில் எஞ்சின் ஆயில் கசிந்து புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. புகுந்த ஆயில் வெளியேறிப் புது ஆயில் வரவும் வழியில்லை. குண்டுகள் தேய்கின்றன, தண்டு ஆட்டம் காண்கிறது, சங்கிலியின் கணக்குத் தப்புகிறது, பிஸ்டன் போய் வால்வில் மோதுகிறது. அதோடு எஞ்சின் முடிந்தது. சொல்லாமல் வரும் பழுது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எல்லாக் காருக்கும் இது வரும் என்று பயப்பட வேண்டாம். தொடக்க ஆண்டுக் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங் இருந்தது. அது உடைவது அபூர்வம். 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டு, அது 2013-ல் சமரசத்தில் முடிந்தது. 2001 முதல் 2005 வரை தயாரான கார்கள் அதில் அடக்கம். அந்த வழக்கையொட்டி வெளிவந்து இன்று வரை மெக்கானிக்குகள் சொல்லும் எண்: ஒற்றை வரிசைப் பேரிங்கில் சுமார் 8 விழுக்காடு பழுது, இரட்டை வரிசையில் 1 விழுக்காட்டுக்கும் கீழ். நூற்றுக்கு எட்டு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் எஞ்சினைப் பிரித்துக் கட்ட 8,000 பவுண்டுக்கு மேல் ஆகும். காரின் விலையோ ஐந்தாயிரம். அந்த எட்டில் நம் கார் ஒன்றாகிவிட்டால் உதிரி பாகங்களாக விற்பதுதான் மிச்சம்.

பேரிங்கை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளலாம். இங்கேதான் 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்ற கதை. பேரிங் சில நூறு பவுண்டுதான். அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும், ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை. அதனால் கிளட்ச் மாற்றும் நாள் வந்தால் அதோடு பேரிங்கையும், அதன் பக்கத்திலேயே இருக்கும் கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுவதுதான் புத்தி. மூன்றும் சேர்த்து 1,500 முதல் 2,000 பவுண்ட். சீல் கசிவதும் இந்தக் கார்களில் சகஜம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் தெரியும். அது சொல்லிவிட்டு வரும் பழுது. ஈரமாக இருந்தால் அடுத்த கிளட்ச் வரை பொறுக்கலாம், தரையில் சொட்டினால் பொறுக்கக் கூடாது.

ஆகவே 986 விற்பவரிடம் எத்தனை மைல் ஓடியது என்று கேட்பதற்கு முன் கிளட்சைப் பற்றிக் கேளுங்கள். எப்போது மாற்றினீர்கள், அப்போது பேரிங்கையும் மாற்றினீர்களா, பில் இருக்கிறதா? வாய் வார்த்தை போதாது. இன்னொன்று, இருபது ஆண்டில் முப்பதாயிரம் மைல் மட்டுமே ஓடி, கராஜில் போர்த்தி வைத்திருந்த காரைப் பொக்கிஷம் என்று விற்பார்கள். எனக்கு அதைக் கண்டால்தான் பயம். வாரந்தோறும் ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாற்றிய எண்பதாயிரம் மைல் கார் அதைவிட எவ்வளவோ நம்பத் தகுந்தது என்பது இந்த எஞ்சின்களைப் பிரித்துப் பழகியவர்கள் பொதுவாகச் சொல்வது.

நான் நேரில் பார்த்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் 2.7 லிட்டர் பாக்ஸ்டரை வாங்குவதற்கு முன் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். இந்த எஞ்சினில் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் விசிறி மடிப்பாகக் காகித ஃபில்டர் இருக்கும். அதைக் கத்தியால் அறுத்து, காகிதத்தை ஆயில் வடியப் பிழிந்து, மேசைமேல் ஒரு முழ நீளத்துக்கு விரித்தார். மடிப்பு மடிப்பாக விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். ஓரிடத்தில் இரண்டு மினுக்கல்கள். நண்பருக்கு மூச்சு நின்றுவிட்டது. மெக்கானிக் ஒரு சிறு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதன்மேல் மெல்ல நகர்த்தினார். மினுக்கல் அசையவில்லை. "அலுமினியம். காந்தத்தில் ஒட்டியிருந்தால்தான் இரும்பு, பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்" என்றார். பிறகு பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்கு ஒன்றை நகத்தால் எடுத்துக் காட்டினார். சங்கிலி உரசும் தாங்கியிலிருந்து வருவது. ஒன்றிரண்டு இருந்தால் இந்த வயதில் பரவாயில்லை, நிறைய இருந்தால் வேண்டாம். அரை மணி நேர வேலை, ஒரு ஃபில்டர் விலை. ஐந்தாயிரம் பவுண்ட் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

மற்ற பழுதுகள் எல்லாம் சொல்லிவிட்டு வருபவை. எஞ்சின் பின்னால் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இரு பக்கமும் இருக்கின்றன. காற்று புகும் வாய் வழியாக இலைச்சருகும் புகும். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டென்சருக்கும் இடையில் சருகு மக்கி, ஈரம் தங்கி, உலோகத்தை அரித்துவிடும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், சருகு தெரிந்தால் அந்த உரிமையாளர் பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ததே இல்லை என்று பொருள். இரு பக்கமும் மாற்ற 800 முதல் 1,200 பவுண்ட். வாட்டர் பம்பின் உள் சக்கரம் பிளாஸ்டிக். 350 முதல் 500. பின் டிக்கியில் இருக்கும் கூலன்ட் தொட்டி விரிசல் விடும். அங்கே கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தால் ஈரமும் இனிப்பு வாசனையும் இருக்கும். 300 முதல் 450.

ஸ்டார்ட் செய்ததும் தெரு மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை வந்தால் ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் கருவி கிழிந்திருக்கிறது என்று பொருள். பார்க்கத்தான் பயங்கரம், 300 முதல் 450 பவுண்டில் முடிந்துவிடும். அப்படிப் புகைத்த காரை எஞ்சின் போய்விட்டதென்று நினைத்து மலிவாக விற்றவர்களும் உண்டு.

கூரைத் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தரைக் கம்பளத்துக்கு இறங்கும். இருக்கைக்கு அடியில்தான் திருட்டுத் தடுப்பு மின்னணுப் பெட்டி இருக்கிறது. அது நனைந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. ஒரு நைலான் கம்பியால் ஆண்டுக்கு இரண்டு முறை குத்திவிட்டால் செலவே இல்லை. 2003 மாடலிலிருந்து பின் ஜன்னல் கண்ணாடி. அதற்கு முன் பிளாஸ்டிக், மஞ்சளாகி மடிப்பில் வெடிக்கும். விலை வித்தியாசம் சிறிதென்றால் கண்ணாடி உள்ளதையே எடுங்கள்.

இரண்டாம் தலைமுறையின் முன்பாதி: 2005 முதல் 2008 வரை

சித்தி மகன் ஒன்பதாயிரத்தையும் போட்டு வாங்க நினைத்தது இதைத்தான். 987 என்ற உள் எண். உள்ளலங்காரம் நன்றாக உயர்ந்துவிட்டது, கூரையும் கதவும் இறுக்கமாக மூடுகின்றன. ஒற்றை வரிசைப் பேரிங்கை விட்டுப் பெரிய பேரிங்குக்கு மாறியதால் அந்தப் பயம் பெரும்பாலும் குறைந்தது. தொடக்கத்தில் வந்த சில கார்களில் பழைய சிறிய பேரிங்கே இருக்கிறது. எஞ்சின் எண்ணை வைத்து மெக்கானிக்கிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பெரிய பேரிங்கில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சினை இரண்டாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. உடைவது அபூர்வம் என்பதால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பெரிதாக எடுத்துக்கொள்வது சிலிண்டர் சுவரில் விழும் கீறலை. அலுமினியத்தில் சிலிக்கான் கலந்த சுவர் அது. பிஸ்டனின் பூச்சுத் தேய்ந்து, சுவரில் நீளவாக்கில் கோடு விழுந்தால் ஆயில் குடிக்கும், எஞ்சின் சூடானதும் 'டிக் டிக்' என்று தட்டும். 2007 மாடலில் வந்த 3.4 லிட்டர் 'எஸ்' எஞ்சினில் இது அதிகம், 2.7-ல் மிகக் குறைவு. சரிசெய்ய 10,000 பவுண்டுக்கு மேல். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை விட்டுப் பார்க்க 200, 300 பவுண்ட் கேட்பார்கள். 3.4 வாங்குவதானால் இந்தச் சோதனை இல்லாமல் வாங்கவே கூடாது. கூடுதலாக ஐம்பது குதிரைத்திறனுக்காக அந்த ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இந்தத் தலைமுறையில் 2.7-தான் என் தேர்வு.

விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒன்று, சாலை வரி. 2006 மார்ச் 23-க்குப் பிறகு பதிவான, அதிகப் புகை கக்கும் கார்களுக்கு வரி ஆண்டுக்கு 700 பவுண்டைத் தாண்டுகிறது. அந்தத் தேதிக்கு முன் பதிவான அதே காருக்கு 400-க்குச் சற்று மேல்தான். 'எஸ்' பார்ப்பவர்கள் பதிவுத் தேதியைப் பாருங்கள். மாசு விதியில் தேறாத காரை லண்டனுக்குள் ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் கட்டணமும் உண்டு. 2006-க்கு முந்தைய பெட்ரோல் கார்களில் சில தப்பிக்கும், சில மாட்டிக்கொள்ளும். நம்பர் பிளேட்டை இணையத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வழி.

2009-க்குப் பிறகு

2009 மாடலில் எஞ்சினையே புதிதாக வடிவமைத்தார்கள். அந்த இடைத் தண்டே கிடையாது, ஆகவே அந்தப் பேரிங்கும் கிடையாது. 2.9 லிட்டரில் 255, 'எஸ்' 3.4-ல் 310 குதிரைத்திறன். பழைய பாக்ஸ்டர்களில் மனநிம்மதியோடு வாங்கக்கூடியது இதுதான். 13,000, 14,000 பவுண்டில்தான் தொடங்குகிறது என்பதால் சித்தி மகனின் கைக்கு எட்டாது. இரண்டு ஆண்டு காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருங்கள்.

மஸ்டா எம்எக்ஸ்-5

போர்ஷே ஆசையை விட்டுவிட்டு மஸ்டாவுக்கு என்று அவன் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை. 1989 முதல் வந்துகொண்டிருக்கும், 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்ட கார் இது. உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் இதுதான். வேகம் குறைவு. ஓட்டும் சுகம் குறைவில்லை.

இதன் எதிரி துரு. எஞ்சினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் இரண்டு தலைமுறைகளில் பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் தகடு உளுத்துப்போகும். கூரைத் தண்ணீர் வடியும் வழி அங்கேதான் முடிகிறது. 1998 முதல் 2005 வரையிலான கார்களில் முன்பக்க அடிச்சட்டமும் உள்ளிருந்து துருப்பிடிக்கும், இதுதான் மோசமானது. விரல் முட்டியால் தட்டினால் நல்ல தகடு 'டங்' என்று சொல்லும், உளுத்த தகடு ஈர அட்டையைத் தட்டியதுபோல 'பொத்' என்னும். புது பெயின்ட் கறுப்பாகப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெல்டிங் செய்ய ஒரு பக்கத்துக்கு 400, 500 பவுண்ட். கிளட்ச் 450 முதல் 600. ஒட்டிக்கொண்ட பிரேக் கேலிப்பர், கசியும் கிளட்ச் சிலிண்டர் எல்லாம் நூறு, நூற்றைம்பதுக் கணக்கு. முதல் தலைமுறையில் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வு பிஸ்டனில் மோதாது. தெருவோரம் நின்றுவிடும், பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். துரு கண்ணுக்குத் தெரியும், தட்டினால் கேட்கும், ஆண்டுச் சோதனைச் சான்றில் எழுத்தில் இருக்கும். அரசு இணையதளத்தில் நம்பர் பிளேட்டைக் கொடுத்தால் எம்.ஓ.டி. என்னும் அந்தச் சோதனையின் பழைய குறிப்புகள் இலவசமாக வரும். 'அடிப்பகுதியில் துரு' என்று மூன்று ஆண்டாக எழுதிவந்து நான்காம் ஆண்டு திடீரென்று மறைந்தால், வெல்டிங் பில்லைக் கேளுங்கள்.

ஹோண்டா எஸ்2000-ஐயும் கேட்டான். இரண்டு லிட்டரில் 240 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை பாடும் எஞ்சின், எனக்கும் ஆசைதான். விலை இப்போது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

அவனுக்கு நான் சொன்னது

ஒன்பதாயிரத்தையும் போட்டு 3.4 'எஸ்' வாங்குவது இருப்பதிலேயே மோசமான வழி. மிகப் பெரிய செலவு வரக்கூடிய காரை, செலவுக்கு ஒரு பவுண்ட்கூட இல்லாமல் வாங்குவது அது. யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்குக் கையை விரிப்பதுபோல.

வேலைக்குப் போகவும் இந்த ஒரு கார்தான், இரவில் தெருவில்தான் நிற்கும் என்றால், 2005-க்குப் பிந்தைய எம்எக்ஸ்-5, ஐந்தாயிரத்துக்குள். மிச்சம் நாலாயிரத்தில் பாதிகூட நாலு ஆண்டில் செலவாகாது.

வேறு கார் இருக்கிறது, இது ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால், 2003 அல்லது 2004-ன் 986, 2.7 லிட்டர், கண்ணாடி ஜன்னல், பேரிங் மாற்றிய பில்லோடு, ஆறாயிரத்துக்குள். மூவாயிரத்தைத் தனியாக வங்கியில் வைக்க வேண்டும். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், உடைந்த ஸ்பிரிங் என்று முதல் இரண்டு ஆண்டில் அதில் பெரும்பகுதி கரையும். பில் இல்லாத கார் நாலாயிரத்துக்குக் கிடைத்தால் அதையும் பார்க்கலாம், ஃபில்டரை அறுத்துப் பார்த்த பிறகு. அந்த விலையில் வாங்கி, கிளட்சையும் பேரிங்கையும் நம் செலவில் மாற்றிக்கொண்டால் கணக்கு அதே ஆறாயிரத்தில்தான் வந்து நிற்கும். வேலை சரியாக நடந்ததென்று நமக்கே தெரியும் என்பது கூடுதல்.

அவன் பாக்ஸ்டர் பக்கம்தான் சாய்கிறான். வரும் சனிக்கிழமை இருவரும் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லியிருக்கிறேன். குளிர்ந்த எஞ்சின் முதல் இருபது நொடியில் சொல்வதைச் சூடான எஞ்சின் சொல்லாது. போனதும் கைகொடுத்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பின்னால் குனிந்து சைலன்சர் குழாயைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் அவனை. சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.